அதே எடையில் ஒரு சங்கிலி

பங்குக் கடன் என்ற தொழிலை என் மேலதிகாரி எனக்கு ஒரு சுண்டு அளவு அரிசியை வைத்துத்தான் புரியவைத்தார். கொழும்பில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டிடத்தின் ஆறாம் மாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அவர் சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் ஆங்கிலம் தடுமாறுவதைக் கண்டதும் சிங்களத்துக்கு மாறினார். உக்குவளைப் பக்கம் வளர்ந்தவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றிலிருந்து கடைசிவரை என்னைத் தம்பி என்ற பொருளில் மல்லி என்றே கூப்பிட்டார்.

“வீட்டுல அரிசி முடிஞ்சிருச்சு மல்லி. பக்கத்து வீட்டுல ஒரு சுண்டு கடன் வாங்குறீங்க. ஆக்கிச் சாப்பிட்டுறீங்க. சம்பளத்தன்னிக்கு ஒரு சுண்டு திருப்பிக் குடுக்கிறீங்க. குடுத்தது அதே அரிசியா?”

“இல்ல மிஸ். வேற அரிசி.”

“பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்களா?”

“இல்ல.”

“அவ்வளவுதான் நம்ம தொழில்.”

வெளிநாட்டில் பெரிய ஓய்வூதிய நிதிகளிடம் கம்பெனிப் பங்குகள் சும்மா கிடக்கும். அவற்றைச் சில நாட்களுக்கு இரவல் வாங்க ஆட்கள் இருப்பார்கள். இரவல் வாங்குகிறவர் ஈடாகப் பணம் வைக்க வேண்டும். பங்கின் விலை நூறு என்றால் ஈடு நூற்றிரண்டு. வாங்கிய பங்கை அவர் விற்றுக்கூட விடலாம். திருப்பித் தரும்போது அதே கம்பெனியின் பங்கு, அதே எண்ணிக்கையில் இருந்தால் போதும். தந்த பங்கேதான் வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பங்குகளுக்கு முகம் கிடையாது. ஈடாக வந்த பணத்தையும் தூங்கவிட முடியாது. அதைக் குறுகிய தவணைக்கு எங்காவது போட்டுவைத்து, பங்கு திரும்பி வருகிற நாளில் கையில் இருக்கும்படி பார்க்க வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் தினமும் ஒத்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வது என் வேலை. அட்டையில் அனலிஸ்ட் என்று அடித்துக் கொடுத்தார்கள். அதை அம்மாவிடம் காட்டியபோது, “டாக்டர் மாதிரியா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன். அந்த வயதில் எனக்குக் கொழுப்பு அதிகம்.

என்னோடு சேர்ந்த நால்வரும் கொழும்பில் பெயர்போன பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். வேறு பங்கைத் தந்தால் அது எப்படித் திருப்பித் தந்ததாகும் என்று அரை நாள் குழம்பினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவனுக்கு இதில் என்ன குழப்பம்? எங்கள் லயத்தில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பனடோல் வரை எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தன. இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே ஒரு இரவல் சங்கிலியால்.

எங்களுடையது உக்குவளையிலிருந்து மேலே ஏறிப் போகிற றப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது, அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அப்பா நான் பல்கலைக்கழகம் போகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் அத்தை இருந்தார். இரத்த உறவு இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் எனக்கு அத்தையானவர். அவரும் பால் வெட்டுத்தான், அவருக்கும் புருஷன் இல்லை. ஒரே மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு வேலைக்குப் போனான். யுத்தம் திரும்பவும் மூண்ட வருடத்தில் ஒரு நாள், தங்கியிருந்த அறையிலிருந்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். சுற்றிவளைப்பு என்று சிலர் சொன்னார்கள், வெள்ளை வேன் வந்தது என்று சிலர் சொன்னார்கள். பொலிஸ் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை. சிறைச்சாலையில் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு அத்தை எல்லா வாசலுக்கும் போய் நின்றார். கடைசியில் வஹகோட்டைக் கோயிலுக்குப் போனார்.

காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்கள் நம்பிக்கை. மகனுடைய சங்கிலியை அவர் பாதத்தில் வைத்து அத்தை நேர்ந்துகொண்டார். மகன் திரும்பி வந்ததும், அவன் கையாலேயே அந்தச் சங்கிலியைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது என்று. அது அவன் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குச் செய்து போட்ட முறுக்குச் சங்கிலி. சின்ன வயதில் கொய்யா மரத்தில் ஏறி, கிளையில் மாட்டி அதை அறுத்துக்கொண்டான். அப்போது மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவன் நான். மாத்தளைப் பத்தர் பற்றவைத்துக் கொடுத்ததில் ஒரே ஒரு கண்ணி மட்டும் தடித்துப்போனது. கொழும்பில் யாராவது அறுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று பயந்து, போகும்போது தாயிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அத்தை அதைக் கழுத்தில் போடுவதில்லை. பால்மா டின்னில் வைத்திருப்பார். செபம் சொல்லும்போது கையில் எடுத்து, அந்தத் தடித்த கண்ணியைப் பெருவிரலால் தேடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வேலைக் கடிதம் வந்தது. கொழும்பில் அறையும் ஒன்று கிடைத்தது. தமிழ்ப் பையன், தோட்டத்து விலாசம் என்றதும் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். தங்கவரும் தமிழரைப் பொலிஸில் பதிந்து தருவது அவர் பொறுப்பாம், அதற்குத்தான் இந்த விலை. அம்மாவின் நகையெல்லாம் என் படிப்போடு போயிருந்தது. வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடலாமா என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்ததை, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் டின்னோடு வந்து நின்றார்.

“இந்தா. வச்சிட்டு வேலைக்குப் போ.”

அம்மா பதறிப்போனார். “ஐயோ, கோயிலுக்கு நேர்ந்த பொருளு. வேணாங்க.”

“அந்தோனியார் கோவிச்சுக்க மாட்டாரு. படிச்ச புள்ள வேலைக்குப் போறதுக்குத்தானே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “விக்கக் கூடாது தம்பி. அடகு மட்டும்தான். இதே சங்கிலி எனக்கு வரணும். அவன் வந்தா இதத்தான் கேப்பான்.”

“ஆறு மாசத்துல மீட்டுத் தந்துர்றேங்க அத்தை.”

மாத்தளை டவுனில் ஒரு அடகுக் கடையில் வைத்தேன். ஒன்றரைப் பவுண் என்று சீட்டில் எழுதினார் கடைக்காரர். ஆறு மாதத் தவணை. “முடிஞ்சு ரெண்டு கெழம பாப்பேன். அதுக்கு மேல என்னால வச்சிருக்க ஏலாது,” என்று சொல்லித்தான் பணத்தைத் தந்தார். ஒளிக்கவில்லை, ஏமாற்றவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு வழியே இல்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. போனதும் முந்தின நாள் விலைகளை எடுத்து, எந்தக் கடனுக்கு ஈடு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். குறைந்திருந்தால் கூடக் கேட்டு எழுதுவேன். பங்கின் சொந்தக்காரர் எந்த நேரத்திலும் தன் பங்கைத் திருப்பிக் கேட்கலாம். அதை ரீகால் என்போம். கேட்டுவிட்டால், குறித்த நாளில் வந்து சேர வேண்டும். வராதவர்களுக்கு நினைவூட்டி எழுதுவது புதியவர்கள் தலையில்தான் விழும். மற்றவர்கள் பணிவாக எழுதுவார்கள். நான் இரண்டே வரி எழுதுவேன். இன்றைக்குத் தவணை முடிகிறது, நாளைக்கு ஏற்றுக்கொள்ள மாட்டோம். மேலதிகாரி படித்துவிட்டுச் சிரிப்பார். “நீங்க ரொம்பக் கண்டிப்பு மல்லி,” என்பார். எனக்குத் தலை கால் புரியாது.

அறைக்கும் ஆபிஸுக்கும் நடுவில் இரண்டு காவலரண். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, ஆபிஸ் அட்டை மூன்றையும் சட்டைப் பையில் வரிசையாக வைத்திருப்பேன். அத்தையின் மகன் வேலை செய்த சாப்பாட்டுக்கடையும் அதே பாதையில்தான் இருந்தது. பஸ் அந்த இடத்துக்கு வரும்போது நான் மறுபக்கத்து ஜன்னலைப் பார்ப்பேன். ஒரு நாளாவது இறங்கிப் போய், அவனைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டிருக்கலாம். அத்தைக்காகக் கேட்டிருக்கலாம். பயம். அனலிஸ்ட் என்று அட்டை வைத்திருந்தவனுக்கு அந்தப் படியில் கால் வைக்கத் தைரியம் இல்லை.

அடகுத் தவணை ஒரு புதன்கிழமை முடிந்தது. மீட்கிற பணம் உறையில் தயாராக இருந்தது, ஒரு சதம் குறையவில்லை. ஆனால் வியாழக்கிழமை எனக்கு வேலை நிரந்தரமாகும் நாள். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பேசுவார்கள். முந்தின நாள் லீவு கேட்டால் நன்றாக இருக்குமா என்று யோசித்தேன். கேட்டிருந்தால் மேலதிகாரி தந்திருப்பார், அப்படிப்பட்டவர்தான். நான் கேட்கவில்லை. அந்தப் புதன்கிழமை மூன்று பேருக்கு, இன்றைக்குத் தவணை முடிகிறது என்று கண்டிப்பாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை, கடைகள் மூடியிருந்தன. அடுத்த சனிக்கிழமை புதுக் கணக்கு ஒன்று வந்துவிட்டது, ஆபிஸுக்கு யார் வர முடியும் என்று கேட்டார்கள். முதலில் கை தூக்கியவன் நான். கடைக்காரர் சொன்ன இரண்டு வாரமும் தீர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? நாட்களை எண்ணுவதற்குத்தானே சம்பளம் வாங்கினேன். உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி இருந்தது. போனால்தான் என்ன, அதே எடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற நிம்மதி. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் அன்றைக்கே வெட்கப்பட்டிருப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை போனேன்.

“மூணு நாளைக்கு முந்தி வந்திருந்தீங்கன்னா இருந்திருக்கும்,” என்றார் கடைக்காரர். “கடுதாசியும் போட்டேனே.” கடுதாசி என் பெயருக்குத் தோட்ட ஆபிஸுக்கு வந்து, கிளாக்கரின் மேசையில் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கிறது. தோட்டத்துக்கு வருகிற தபால் அப்படித்தான். கிளாக்கருக்கு ஞாபகம் வருகிற நாளில்தான் அது லயத்துக்கு வரும்.

“இப்ப யார்கிட்ட இருக்குதுங்க? நான் போய் வாங்கிக்கிறேன்.”

“கண்டி நகை யாவாரி வாங்கிக் கொண்டுபோய் உருக்கிட்டாரு தம்பி. இனி எங்க போய்க் கேக்குறது?” கடனையும் வட்டியையும் கழித்து மிச்சப் பணத்தை நேர்மையாக எண்ணி என் கையில் வைத்தார்.

நான் அங்கே உடைந்து உட்காரவில்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. மூளை உடனே கணக்குப் போட்டது. கையிலிருந்த உறை, அந்த மிச்சப் பணம், அடுத்த மாத வாடகை. அதே தெருவில் இருந்த நகைக்கடைக்குப் போய், அதே முறுக்கு வேலையில் ஒரு சங்கிலியை எடுத்துத் தராசில் வைக்கச் சொன்னேன். ஒன்றரைப் பவுணுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. நூற்றுக்கு நூற்றிரண்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உக்குவளை பஸ்ஸில் வரும்போது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

அத்தை கதவடியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். “மீட்டுட்டியா ராசா?” என்று கேட்டார். நான் சின்னப் பெட்டியை நீட்டினேன்.

சங்கிலியை எடுத்து முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பெருவிரல் கண்ணிகளின் மேலே போகத் தொடங்கியது. மெதுவாகப் போய், கொக்கி வரைக்கும் வந்து நின்றது. மறுபடியும் போனது. இரண்டாம் தடவை விரல் சில இடங்களில் நின்று நின்று போனது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தடித்த கண்ணியை நான் மறந்தே போயிருந்தேன். அவன் மரத்தில் மாட்டிக்கொண்டு கத்தியபோது கீழே நின்று சிரித்தவன் நான், மறந்துவிட்டேன்.

“இது அவனோடது இல்லையே தம்பி.”

“தவண தப்பிருச்சு அத்தை. அத வித்துட்டாங்க. இதும் அதே எடதான். கொஞ்சம் கூடவே இருக்குதுங்க.”

சொன்னேன். அந்த வார்த்தைகளை அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அத்தை என்னைத் திட்டியிருக்கலாம். சங்கிலியை என் மேலே வீசியிருக்கலாம். “சரிப்பா, தேத்தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டு எழுந்து உள்ளே போனார். தேத்தண்ணி வந்தது. சீனி போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை, அப்படியே குடித்தேன்.

பிறகு அவர் என் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லையாம். “நேர்ந்தத எடுத்துக் குடுத்தது நான்தானே அண்ணி. சாமிக்குன்னு வச்சத நானே வெளிய விட்டுட்டேன். இனி அவன எப்பிடிக் கேப்பேன்?” என்றாராம். இதை அம்மா என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுச் சங்கிலியை அத்தை கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. நேர்ந்தது வேறு, இது வேறு. சாமியிடம் மாற்றிக் கொடுக்க முடியாது. பால்மா டின்னிலும் அதை வைக்கவில்லை. பெட்டியோடு அலமாரி மேலே வைத்துவிட்டார்.

நான் மாதம் ஒருமுறை வந்தேன். அத்தையின் கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுத்தேன், கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், பண்டிகைக்குச் சேலை எடுத்தேன். லயத்தில் எல்லோரும், “இவனும் ஒனக்கு மகன் மாதிரித்தானே, ஏன் அழுவுற?” என்று அவரைத் தேற்றினார்கள். அத்தை அதற்குத் தலையாட்டுவார். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். வெளிநாட்டுச் சந்தைகள் சரிந்த வருடத்தில் எங்கள் ஆபிஸே கதிகலங்கி நின்றது. இரவல் வாங்கிய பெரிய நிறுவனம் ஒன்று விழுந்துபோனது. ஆனால் ஈடு இருந்தது. அந்தப் பணத்தில் அதே பங்குகளைச் சந்தையில் வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம். ஒருவருக்கும் நட்டமில்லை என்று அறிக்கை எழுதியவன் நான். அதற்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

யுத்தம் முடிந்தது. முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் மாதத்தில் வஹகோட்டைத் திருவிழா. காணாமல் போனவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள், பட்டியல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அத்தை என்னைத் துணைக்கு வரச் சொன்னார். மாத்தளையில் கலேவெலப் பக்கம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். சிங்களவர்களும் தமிழர்களுமாகக் கோயில் வளவு நிறைந்திருந்தது. வெயில் கொளுத்தியது. அத்தை மெழுகுதிரி கொளுத்தி, சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

மெதுவாகத்தான் வேண்டினார், ஆனாலும் கேட்டது. “மொதல்ல சங்கிலியக் காட்டிக் குடுங்க சாமி. அது கெடச்சாத்தான் நான் புள்ளயக் கேக்க முடியும்.”

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விற்றுவிட்டார்கள் என்று மட்டும்தான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். உருக்கிவிட்டார்கள் என்று சொல்லவே இல்லை. இரண்டு வருடமாக அவர் அந்தச் சங்கிலி எவர் கழுத்திலோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே வந்து மர நிழலில் நின்றோம். அத்தை போகிற வருகிற இளைஞர்களின் கழுத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பெருநாளாக, எத்தனை பஸ்ஸில் இப்படிப் பார்த்தாரோ. திடீரென்று என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அந்தா பாரு. ஐஸ்கிரீம் வண்டிகிட்ட நிக்கிற பையன். முறுக்குச் சங்கிலி. போய்ப் பாத்துட்டு வா. தடிச்ச கண்ணி இருக்குதான்னு மட்டும் பாரு.”

சொல்லியிருக்க வேண்டும். அது கண்டியில் உருகி வேறு யாருடைய மோதிரமாகவோ ஆகிவிட்டது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு மகன் வருவதற்கு மிச்சமிருந்த ஒரே பாதை அந்தச் சங்கிலிதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பையனிடம் போனேன். சிங்களப் பையன், இருபது வயது இருக்கும். மன்னிக்கச் சொல்லி, தொலைந்துபோன சங்கிலி ஒன்றைத் தேடுகிறோம், அந்த அம்மாவுடைய மகனின் சங்கிலி, ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. மரத்தடியில் நின்ற அத்தையை எட்டிப் பார்த்தான். பிறகு கழுத்தைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்.

பெருவிரலை வைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தடவிக்கொண்டு போனேன். ஒன்றையும் விடவில்லை. கொக்கி வரை போய், மறுபடியும் ஒருமுறை தடவினேன்.

திரும்பி வந்து, “இல்லைங்க அத்தை,” என்றேன்.

“பரவால்ல ராசா,” என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். “அடுத்த திருவிழாவுக்கும் வா. ஒனக்குத்தான் அந்தச் சங்கிலிய நல்லாத் தெரியும்.”